கேட்பாரற்று நின்ற வண்டிகள்

எங்கள் ஊர் நெல் மண்டிக்கு அறுவடைக் காலத்தில் வந்துபோகும் லாரிகளில், மூக்கு நீண்டு, மட்கார்டுகள் இரண்டும் உப்பிய கன்னங்களைப்போல் புடைத்து, மற்றவற்றைக் காட்டிலும் ஒரு தலைமுறை மூத்ததாகத் தோன்றிய வண்டி ஒன்று இருந்தது. அதன் நெற்றியில் ‘பார்கோ’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அது லாரிச் சொந்தக்காரருடைய குலதெய்வத்தின் பெயராக இருக்குமோ என்று நான் வெகு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை அதை மண்டிக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குக் கொண்டுவந்து என்ஜினைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். எல்லோரும் மேஸ்திரி என்று அழைத்த முதியவர் ஒருவர் கோணிச் சாக்கை விரித்து, பிஸ்டன், ரிங், வால்வு, வாஷர் என்று கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்குவார். வேடிக்கை பார்க்கப் போன நான் ஒரு நட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் வைத்தபோது, “தம்பி, அது பொறந்த எடத்துலயே வெச்சிரு” என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

அந்த லாரி பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் கட்டியது என்பதும், அதற்கு மூலம் அமெரிக்க தேசத்து டெட்ராயிட் நகரின் கிரைஸ்லர் ஸ்தாபனம் என்பதும், டாட்ஜ், டி ஸோட்டோ, பிளிமத் என்று நம் பாட்டன்மார் காலத்துச் சாலைகளில் ஓடிய பெயர்கள் யாவும் அந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தன. சென்ற சில மாதங்களாக அக்குடும்பத்தின் விருத்தாந்தத்தைக் கிடைத்த இடத்திலெல்லாம் தேடிப் படித்துவருகிறேன். நூறு வருஷ காலத்துக்குள் பலமுறை சாவின் வாசற்படி வரையில் சென்று திரும்பிய அந்த ஸ்தாபனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், தக்க சமயத்தில் சாமர்த்தியசாலியான ஒரு தலைவன் தோன்றினான், காப்பாற்றினான் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எனக்கு என்னவோ, அதற்கு வந்த நோய் பெரும்பாலும் ஒன்றே என்று தோன்றுகிறது. யாரும் கேட்காத வண்டிகளைக் கட்டிக் கட்டி வெளியில் நிறுத்திவைப்பதுதான் அந்த நோய். மருந்தும் ஏறக்குறைய ஒன்றே: பழைய நிர்வாகத்தின் நாளில் யாரோ ஓர் இன்ஜினியர் பிடிவாதமாக வரைந்துவைத்த வண்டி, புதிதாக வந்தவன் கைக்குக் கிடைத்துவிடுவது.

கதையின் மூலபுருஷர் வால்டர் பெர்ஸி கிரைஸ்லர், 1875-ஆம் வருஷம் கான்ஸாஸ் மாகாணத்தில், யூனியன் பஸிபிக் ரயில்வேயில் என்ஜின் ஓட்டிய ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். எல்லிஸ் என்ற சிற்றூரின் ரயில்வே பட்டறையில் தரை பெருக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு தொழில் பழகும் பையனாகி, கடையில் விற்கும் கருவிகளை வாங்கப் பணமும் மனமும் இல்லாமல், தனக்கு வேண்டிய அளவுகோல்களையும் காலிப்பர்களையும் தன் கையாலேயே செய்துகொண்டார். ரயில்வே உத்தியோகத்தில் படிப்படியாக உயர்ந்து ஐயோவா மாகாணத்தின் ஓல்வைன் என்ற ஊரில் நல்ல பதவியில் இருந்தபோது, 1908-இல் சிகாகோ நகரத்து மோட்டார்க் கண்காட்சிக்குப் போனார்; அங்கே தந்த நிறத்தில், சிவப்பு மெத்தைகளுடன் நின்ற லோகோமொபைல் என்ற வண்டியின்மேல் அவருக்கு மோகம் பிறந்துவிட்டது. விலை 5,000 டாலர். கையில் இருந்த சேமிப்போ 700 டாலர். மனைவியும் குழந்தைகளும் உள்ள மனிதர், மிச்சம் 4,300 டாலரையும் கடன் வாங்கி அதை விலைக்குப் பெற்று, ரயிலேற்றி ஊருக்குக் கொண்டுவந்து, குதிரை கட்டி இழுத்துத் தம் வீட்டுக் கொட்டகையில் சேர்த்தார். சேர்த்தபின் ஓட்டினாரா என்றால் இல்லை, பிரித்தார். பாகம் பாகமாகப் பிரித்து, பரப்பிவைத்து, படம் வரைந்து, மறுபடி பூட்டி, மறுபடி பிரித்து, மாதக் கணக்கில் அந்தக் கொட்டகையிலேயே கிடந்தார். கடைசியில் ஒருநாள் வெளியில் எடுத்து ஓட்டியபோது பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டார் என்பது வேறு விஷயம். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் மேஸ்திரியின் கோணிச் சாக்குதான் என் கண்முன் விரிகிறது.

பின்னர் அவர் மோட்டார்த் தொழிலில் புகுந்தது, ரயில் என்ஜின் கம்பெனியில் கிடைக்கவிருந்த சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிக்கு ஒப்புக்கொண்டு, ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த பியூக் தொழிற்சாலைக்குப் போனபோதுதான். அங்கே அவர் காட்டிய திறமையின் பலனாக, ஜெனரல் மோட்டார்ஸை ஆண்டுவந்த வில்லியம் டூரண்ட் அவரை மாதம் 10,000 டாலர் சம்பளமும் அதன்மேல் வருஷத்துக்கு ஐந்து லட்சம் டாலரும் கொடுத்துப் பிடித்துவைத்தார். டூரண்ட் மனத்தில் தோன்றியதையெல்லாம் விலைக்கு வாங்கும் பிரகிருதி. கிரைஸ்லரோ திருகாணியின் விலையைக்கூடக் கணக்குப் பார்ப்பவர். எத்தனை நாள் ஒத்துப்போகும்? பிரிந்து வந்தவரை வில்லிஸ் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்த பாங்கிக்காரர்கள் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் தந்து அழைத்துப் போனார்கள். போன இடத்தில் அவர் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, கம்பெனியின் சொந்தக்காரராகிய வில்லிஸின் சம்பளத்தைப் பாதியாக வெட்டியது. அங்கே ஸெடர், ஸ்கெல்டன், பிரீர் என்று மூன்று இன்ஜினியர்களைக் கண்டெடுத்தார். மூவரும் பிறகு வாழ்நாள் முழுதும் அவரைவிட்டுப் பிரியவில்லை.

அப்புறம் அவர் பொறுப்பேற்றது மாக்ஸ்வெல் கம்பெனி. நான் சொன்ன நோயை முதன்முதலில் இங்கே பார்க்கிறோம். கிரைஸ்லர் என்ற பெயரில் ஒரு வண்டி பிறப்பதற்கு முன்பே. மாக்ஸ்வெல் கம்பெனியார் கட்டிய வண்டிகளின் பின் அச்சு பலவீனமானது என்று ஊரெல்லாம் பேச்சாகி, ஆயிரக்கணக்கான வண்டிகள் விலை போகாமல் வெயிலிலும் பனியிலும் நின்றுகொண்டிருந்தன. கிரைஸ்லர் அவற்றை உருக்கிவிடச் சொல்லவில்லை. அச்சைப் பலப்படுத்தி, ‘நல்ல மாக்ஸ்வெல்’ என்று விளம்பரம் செய்து, சொற்ப லாபத்துக்கு அத்தனையையும் விற்றுத் தீர்த்தார். அந்தப் பணத்திலும் மிஞ்சிய பெயரிலும்தான் மூன்று இன்ஜினியர்களும் வரைந்திருந்த ஆறு சிலிண்டர் வண்டி உருவாயிற்று.

1924 ஜனவரியில் நியூயார்க் மோட்டார்க் கண்காட்சியில் அந்த வண்டியை வைக்க இடம் மறுத்தார்கள். இன்னும் விற்பனைக்கு வராத வண்டிக்கு அங்கே இடமில்லை என்பது விதி. கிரைஸ்லர் என்ன செய்தார் தெரியுமா? கண்காட்சிக்கு வரும் வியாபாரிகளும் பாங்கிக்காரர்களும் தங்கும் கொமொடோர் ஓட்டலின் முன்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கண்காட்சிக்குப் போகிறவன் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக், மணிக்கு 70 மைல் வேகம், விலையோ நடுத்தர வர்க்கத்தார் எட்டிப் பிடிக்கக்கூடியது. பாங்கிக்காரர்கள் 50 லட்சம் டாலர் கடன் கொடுத்தார்கள். முதல் வருஷத்தில் சுமார் 32,000 வண்டிகள் விற்றன. 1925 ஜூன் மாதத்தில் மாக்ஸ்வெல் என்ற பெயர் போய்க் கிரைஸ்லர் கார்ப்பரேஷன் வந்தது. மூன்று வருஷம் கழித்து 17 கோடி டாலருக்கு டாட்ஜ் கம்பெனியை வாங்கினார். தம் கம்பெனியைவிடப் பெரிய தொழிற்சாலைகள் உள்ள கம்பெனியை அவர் வாங்கியதைத் திமிங்கிலத்தைச் சிறுமீன் விழுங்கிய கதையாக அப்போது பேசினார்கள். அதே 1928-இல் டி ஸோட்டோவும் பிளிமத்தும் வந்தன. பிளிமத் என்ற பெயர் வந்த வகையைப் பற்றி ஒரு கதை உண்டு: மேபிளவர் கப்பலில் வந்த முன்னோர்களை நினைத்து வைத்ததாக விளம்பரங்களில் சொன்னாலும், கதிர்க்கட்டுக் கட்டும் பிளிமத் கயிறு இல்லாத குடியானவன் வீடு அமெரிக்காவில் இல்லை, ஆகையால் அந்தப் பெயரை அவனுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று ஒருவர் எடுத்துக் கூறியதும், கான்ஸாஸ் சமவெளியில் பிறந்த கிரைஸ்லர் உடனே சம்மதித்தார் என்பார்கள்.

நியூயார்க்கில் அவர் பெயரால் நிற்கும் கட்டிடத்தைப் படத்திலேனும் பார்க்காதவர்கள் குறைவு. 77 மாடி, 1,046 அடி உயரம். கம்பெனிப் பணத்தில் அன்று, தம் சொந்தப் பணத்தில், பிள்ளைகளுக்கு ஓர் ஆஸ்தியாக இருக்கட்டும் என்று கட்டினார். போட்டிக் கட்டிடத்தாருக்குத் தெரியாமல் உச்சிக் கூம்பைக் கட்டிடத்தின் உள்ளேயே பூட்டிவைத்து, 1929 அக்டோபரில் ஒருநாள் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மேலே எழுப்பி நிறுத்தி, உலகத்திலேயே உயர்ந்த கட்டிடம் என்ற பட்டத்தைத் தட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் எம்பயர் ஸ்டேட் கட்டிடம் அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டுபோனது. எனக்குப் பிடித்தது உச்சிக் கூம்பன்று. மேகத்தோடு உரசும் அந்த மாளிகையின் மேல் மாடியில், பார்வையாளர்கள் வந்து நிற்கும் இடத்தில், எல்லிஸ் பட்டறையில் தாம் கையால் செய்த கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தாரே, அதுதான்.

அவர் 1940-இல் காலமானார். அதற்கு முன்பே, காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லும்படி பிரீர் வடிவமைத்த ஏர்ப்ளோ என்ற வண்டி 1934-இல் வெளிவந்து, காலத்துக்கு முந்திப் பிறந்த குழந்தைபோல் ஜனங்களுடைய ஆதரவின்றிப் போயிற்று. அந்தத் தோல்வியின் பயம் ஸ்தாபனத்தின் எலும்பில் இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்துத் தலைமை ஏற்ற கெல்லர், தொப்பி அணிந்த கனவான் தலை குனியாமல் ஏறி உட்கார வேண்டும் என்று சொல்லி, மற்றவர்கள் கூரையைத் தாழ்த்திக்கொண்டுபோன நாளிலும் உயரமான பெட்டி வண்டிகளையே கட்டிக்கொண்டிருந்தார். யுத்த காலத்தில் அதே கெல்லரின் மனிதர்கள் டெட்ராயிட்டுக்கு வடக்கே வாரன் என்ற இடத்தில் 22,000-க்கும் மேற்பட்ட டாங்கிகளைக் கட்டினார்கள்; டாங்கிக்குப் போதிய என்ஜின் கிடைக்கவில்லை என்றதும் ஐந்து கார் என்ஜின்களை ஒன்றாகப் பிணைத்து முப்பது சிலிண்டர் கொண்ட விசித்திர யந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து, ஐம்பதுகளில் வால் சிறகு முளைத்த அழகிய வண்டிகள் வந்தன. 1957-இல் அவசர அவசரமாகக் கட்டியவை சீக்கிரமே துருப்பிடித்துக் கம்பெனியின் பெயரைக் கெடுத்தன. இந்த இருபது வருஷத்தை இவ்வளவோடு விட்டுவிடுகிறேன்.

அறுபதுகளில் லின் டவுன்ஸெண்ட் என்ற கணக்காளர் தலைவரானார். கணக்காளர்களைப் பற்றி எனக்கு எந்த மனஸ்தாபமும் கிடையாது. ஆயினும் யந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர் நாற்காலியில் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தவர் உட்கார்ந்ததும் ஏற்பட்ட விளைவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மற்ற கம்பெனிகள் வியாபாரியின் ஆர்டர் வந்தபின் வண்டி கட்டின. கிரைஸ்லரில் தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக ஆர்டர் இல்லாமலே கட்டி, அந்த வண்டிகளை ‘விற்பனை பாங்கி’ என்ற கம்பீரமான பெயரில் சேர்த்துவைத்தார்கள். பாங்கி என்றால் பணம் குட்டி போடும் இடம் என்று நீங்கள் நினைப்பீர்கள். இங்கே வண்டிகள் டெட்ராயிட்டின் சந்தைத் திடல்களிலும் காலி மனைகளிலும் பனியில் நனைந்து, காற்றுப்போன டயரோடு நின்றன. மாதக் கடைசி வந்ததும் விற்பனைப் பிரிவின் ஆட்கள் டெலிபோனை எடுத்து வியாபாரிகளைக் கெஞ்சத் தொடங்குவார்கள். வியாபாரிகளோ புத்திசாலிகள், மாதக் கடைசி வரையில் பொறுத்திருந்தால் விலை தானே இறங்கும் என்பதைக் கற்றுக்கொண்டு, முதல் மூன்று வாரமும் வாயைத் திறக்கமாட்டார்கள். சந்தை கலையும் நேரத்துக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகிற நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த சூத்திரந்தான். கணக்குப் புத்தகத்தில் மட்டும் உற்பத்தி அமோகமாக இருந்தது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1976 மாடலாக வந்த ஆஸ்பென், வொலாரே வண்டிகளின் முன் மட்கார்டுகள் துருப்பிடித்ததால் அவற்றைத் திரும்ப அழைத்து மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் ஆசையாக வாங்கிப்போட்டிருந்த ரூட்ஸ், ஸிம்கா கம்பெனிகளை 1978-இல் பெஜோ, ஸித்ரோவென் கம்பெனியாரிடம் தள்ளிவிட்டார்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

அதே 1978 நவம்பர் 2-ஆம் தேதி, மூன்று மாதத்தில் சுமார் 16 கோடி டாலர் நஷ்டம் என்று பத்திரிகைகளில் செய்தி வந்த தினத்தில், லீ அயகோக்கா கிரைஸ்லரில் சேர்ந்தார். இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகன். போர்டு கம்பெனியில் மஸ்டாங் என்ற வண்டியால் பெரும் பிரசித்தி அடைந்து, அதன் தலைவராகி, ஜூலை 13-ஆம் தேதி இரண்டாம் ஹென்றி போர்டால் வெளியேற்றப்பட்டவர். வந்தவர் பார்த்தது 35 துணைத் தலைவர்கள் 35 குறுநில மன்னர்களாக அரசாண்ட ஒரு ராஜ்யத்தை. இன்ஜினியர் வரைவதைத் தொழிற்சாலைக்காரன் அறியான், தொழிற்சாலையில் கட்டுவதை விற்பவன் அறியான். விற்பனை பாங்கியை மூடு என்றார். மூடுவதற்குள் ஈரானில் புரட்சி வந்து, அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 1980-ஆம் வருஷத்து நஷ்டம் மட்டும் 170 கோடி டாலர். அதுவரையில் எந்த அமெரிக்கக் கம்பெனியும் ஒரே வருஷத்தில் அவ்வளவு இழந்ததில்லை.

சர்க்கார் ஜாமீன் கேட்டு அயகோக்கா வாஷிங்டனுக்குப் போன கதை விரிவானது. சந்தையில் தோற்றவன் சாகட்டும் என்ற கட்சி ஒரு பக்கம். லட்சக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நிற்கும், அதற்கு ஆகும் செலவு ஜாமீனைவிட அதிகம் என்ற கட்சி மறுபக்கம். முடிவில் ஜனாதிபதி கார்ட்டர் 1980 ஜனவரி 7-ஆம் தேதி கையெழுத்திட்ட சட்டம், 150 கோடி டாலர் வரைக்கும் வாங்கும் கடனுக்குச் சர்க்கார் பொறுப்பேற்கும் என்றது. பணம் கொடுப்பதாகச் சொல்லவில்லை, ஜாமீன் மட்டுமே. அதற்கு ஈடாகத் தொழிலாளி கூலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும், பாங்கிகள் வட்டியை விட்டுக்கொடுக்க வேண்டும், வியாபாரிகளும் சாமான் தருகிறவர்களும் தங்கள் பங்கைக் கொடுக்க வேண்டும். அயகோக்கா தம் சம்பளத்தை வருஷத்துக்கு ஒரு டாலர் ஆக்கிக்கொண்டார்; தொழிற்சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேஸர் நிர்வாக சபையில் அங்கத்தினரானார். சுமார் 400 பாங்கிகளைச் சம்மதிக்கவைத்து, ஜூன் மாதத்தில் எல்லோரும் கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய இரவு, நியூயார்க்கில் பத்திரங்கள் வைத்திருந்த வழக்கறிஞர்களின் அலுவலகக் கட்டிடத்தில் தீப் பிடித்துக்கொண்டது. அணைத்து, காகிதங்களை நடு ராத்திரியில் வெளியே சேர்த்து, வேறிடத்துக்குக் கொண்டுபோய், விடியுமுன் அடுக்கி முடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். கதாசிரியன் எழுதியிருந்தால் மிகை என்று நாமே அடித்துவிடுவோம்.

ஆனால் ஜாமீன் ஒரு மூச்சுதான். உயிர் வேறிடத்திலிருந்து வந்தது. 1980 ஆகஸ்டில் டெட்ராயிட் ஜெபர்ஸன் அவெனியூ தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கே கார் என்ற வண்டியை இன்று பார்த்தால், சோப்புப் பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருக்கும். முன் சக்கரங்களுக்கே விசை, நான்கே சிலிண்டர், என்றாலும் ஆறு பேர் உட்காரலாம். அயகோக்காவின் புகழோடு சேர்ந்துவிட்ட இந்த வண்டியின் வேலை, அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதுதான் நான் கவனித்த விஷயம். போர்டிலிருந்து முன்பே துரத்தப்பட்டுக் கிரைஸ்லருக்கு வந்துவிட்ட ஹால் ஸ்பெர்லிக் அதற்காக வாதாடிக்கொண்டிருந்தவர். அந்த நல்ல வண்டியையும் முதல் சில மாதம் பழைய பழக்கமே கெடுக்கப் பார்த்தது: மலிவு வண்டி தேடி வந்தவனுக்கு எதிரில், அவன் கேட்காத அலங்காரங்களையெல்லாம் ஏற்றி விலை கூடிய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தவறு விளங்கியபின் எளிய வண்டிகள் வந்தன, விற்பனையும் வந்தது. அயகோக்கா தொலைக்காட்சியில் தாமே தோன்றி, இதைவிட நல்ல வண்டி கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சவால் விட்டார்.

1983 ஜூலை 13-ஆம் தேதி, ஜாமீனில் வாங்கிய 120 கோடி டாலரில் மிச்சமிருந்ததை ஏழு வருஷம் முன்னதாகவே தீர்க்கப்போவதாக அவர் அறிவித்தார். போர்டு அவரை வெளியேற்றிய தேதியும் ஜூலை 13 என்பதை மேலே சொன்னேன் அல்லவா? அது தற்செயல் என்று எவர் சொன்னாலும் நான் நம்பத் தயாரில்லை. சர்க்காருக்கு ஜாமீனுக்கு ஈடாகக் கொடுத்திருந்த பங்கு உரிமைகள் ஏலத்தில் 31 கோடி டாலருக்குமேல் விலை போயின. ஆகச் சர்க்காருக்கு லாபம்.

அந்த வருஷம் நவம்பரில் கனடாவின் வின்ட்ஸர் தொழிற்சாலையில் மினிவேன் பிறந்தது. வீட்டுக் கராஜுக்குள் நுழையும் உயரம், பெண்கள் பாவாடையோடு ஏறி இறங்கத் தோதான தாழ்ந்த தரை, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஒரு கதவு, உள்ளே குழந்தைகளும் மூட்டை முடிச்சும் கொள்ளும் இடம். ஸ்பெர்லிக்கும் அயகோக்காவும் போர்டில் இருந்த நாளிலேயே இதைச் சொல்லிப் பார்த்தார்கள். ஹென்றி போர்டு வேண்டாம் என்றுவிட்டார். கே காரின் அடித்தளம் கையில் இருந்ததால்தான் பணமில்லாத கிரைஸ்லர் அதைக் கட்ட முடிந்தது. குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்கின. எந்தத் திடலிலும் ஒரு வண்டி நிற்கவில்லை.

செல்வம் வந்தால் அந்த ஸ்தாபனத்துக்குக் கண் மறைத்துவிடும். விமானக் கம்பெனி வாங்கினார்கள், லம்போர்கினியை வாங்கினார்கள். மேலதிகாரிகள் மைல்மானியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்த வண்டிகள் புதியவையாக விற்கப்பட்டது 1987-இல் வெளியாகி, அயகோக்கா ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆனால் அதே வருஷத்தில் அமெரிக்கன் மோட்டார்ஸையும் அதனுடன் ஜீப்பையும் வாங்கியது, சகல பாவங்களுக்கும் பிராயச்சித்தம். அமெரிக்கன் மோட்டார்ஸின் பட்டறையில் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்த கிராண்ட் செரோக்கி, 1992-இல் டெட்ராயிட் கண்காட்சியின் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது; நகர மேயரும் அதில் உட்கார்ந்திருந்தார். விளம்பரத்துக்காகத்தான், ஆனாலும் அழகான நுழைவு. தொண்ணூறுகளில் மூன்று பெரிய கம்பெனிகளுக்குள் மிகச் சிக்கனமாகவும் துணிவாகவும் வண்டி செய்தவர்கள் கிரைஸ்லர்காரர்களே.

1998 மே மாதத்தில் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் வந்தது. 3,600 கோடி டாலர் விவாகம். சமமானவர்களின் இணைப்பு என்று இரு தரப்பாரும் பறைசாற்றினார்கள். இரண்டு வருஷம் கழித்து, முதலிலிருந்தே கிரைஸ்லரை ஒரு பிரிவாக வைத்துக்கொள்வதே நோக்கம் என்ற கருத்தில் டைம்லரின் தலைவர் ஷ்ரெம்ப் ஒரு பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். சமமாக அழைத்துவந்த மருமகளை அடுப்படியில் உட்காரவைத்த கதை. 2001-இல் 26,000 வேலைகளை வெட்டுவதாக அறிவித்தார்கள். பிளிமத் என்ற பெயரையே அழித்தார்கள். 2006-இல் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? பெட்ரோல் விலை ஏறியது. யாரும் ஆர்டர் கொடுக்காத பெரிய வண்டிகள் மறுபடியும் டெட்ராயிட் சுற்றுவட்டாரத் திடல்களில் வந்து நின்றன. அதே விற்பனை பாங்கி! முப்பது வருஷத்தில் பெயர்ப் பலகைகூட மாறவில்லை. அடுத்த வருஷம் ஸெர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 740 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 80 சத பங்கை எடுத்துக்கொண்டது. வண்டியைப் பிரித்துப் பார்ப்பதைக் காட்டிலும் கம்பெனியைப் பிரித்துப் பார்ப்பதில் தேர்ந்தவர்கள்.

2008-இல் பணச் சந்தை சரிந்தது. ஜனாதிபதி புஷ் போகிற போக்கில் 400 கோடி டாலர் கடன் கொடுத்தார். அடுத்து வந்த ஒபாமாவின் ஆலோசகர்கள், கிரைஸ்லரைக் காப்பாற்றுவதா கைவிடுவதா என்பதில் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். 2009 ஏப்ரல் 30-ஆம் தேதி கம்பெனி திவால் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தது. 789 வியாபாரிகளின் உரிமம் ரத்தாயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சிற்றூர்களில் கடை வைத்திருந்த குடும்பங்கள் அவற்றுள் பல. ஆறு வாரத்தில், ஜூன் 10-ஆம் தேதி, இத்தாலியின் பியட் ரொக்கம் எதுவும் போடாமல் 20 சத பங்கோடு உள்ளே வந்தது. தொழிலாளர் மருத்துவ நிதிக்கு 55 சதம்.

பியட்டின் தலைவர் செர்ஜியோ மார்ச்சியோன்னே, கறுப்பு ஸ்வெட்டரைத் தவிர வேறு உடை அறியாதவர். ஆபர்ன் ஹில்ஸ் தலைமையகத்தில் உச்சி மாடித் தலைவர் அறையை வேண்டாமென்று சொல்லி, இன்ஜினியர்கள் வேலை செய்யும் கீழ்மாடி ஒன்றில் மேஜை போட்டுக்கொண்டார். அவருக்கும் கையில் வந்து விழுந்தது, முன்னவர்கள் விதைத்துவிட்டுப் போன ஒரு வண்டிதான். டைம்லர் காலத்தில் பென்ஸ் வண்டியோடு அடித்தளத்தைப் பங்கிட்டு உருவாகி, திவாலுக்கு மூன்று வாரம் முன்னால் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த புதிய கிராண்ட் செரோக்கி அது. முதல் கே கார் வெளிவந்த அதே ஜெபர்ஸன் சாலையில், பழைய தொழிற்சாலைக்கு எதிரே எழுப்பியிருந்த புதிய தொழிற்சாலையில் அதைக் கட்டினார்கள். 2011 மே 24-ஆம் தேதி, அமெரிக்க, கனடியச் சர்க்கார்களுக்கு 760 கோடி டாலரை ஆறு வருஷம் முன்னதாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை சர்க்காருக்கு லாபமில்லை. பழைய கடன்களையும் சேர்த்தால் சுமார் 130 கோடி டாலர் கைப்பிடித்தம். அது அதிகமா, குறைவா என்று அமெரிக்கர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜெபர்ஸன் சாலையில் மூன்றாம் ஷிப்டுக்குப் போன தொழிலாளியின் மனைவியைக் கேட்டுவிட்டு அந்த வாதத்தை ஆரம்பிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மார்ச்சியோன்னே 2018-இல் காலமானார். மறு வருஷம் அயகோக்காவும். 2021 ஜனவரியில் பியட் கிரைஸ்லர் மற்றொரு பெரிய கம்பெனியோடு கலந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆயிற்று. அந்த மற்றொரு கம்பெனி எது? நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெஜோ, ஸித்ரோவென் கம்பெனிதான். பணமுடையில் தன் ஐரோப்பியக் குழந்தைகளை யாரிடம் ஒப்படைத்ததோ, அந்த வீட்டுக்கே தாயும் நாற்பத்து மூன்று வருஷம் கழித்துக் குடிபோனாள். 2024-இல் அமெரிக்க வியாபாரிகளின் முற்றங்களில் விலை கூடிய ஜீப்புகளும் ராம் லாரிகளும் விற்காமல் குவிந்து, வியாபாரிகள் பகிரங்கமாகக் கடிதம் எழுதி, டிசம்பர் முதல் தேதி தலைவர் டவாரெஸ் பதவி விலகினார். இதை நான் விளக்க வேண்டுமா?

கிரைஸ்லர் என்ற பெயர் தாங்கி இப்போது விற்பனையாவது ஒரே வகை வண்டி. டெட்ராயிட்டிலிருந்து ஆற்றைக் கடந்து தெற்கே போனால் கனடா வரும். உலகப்படத்தில் இந்த மூலையில் கனடா அமெரிக்காவுக்குத் தெற்கே இருப்பதைச் சிறுவயதில் நான் அச்சுப்பிழை என்று நினைத்ததுண்டு. அங்கே வின்ட்ஸரில், 1983-இல் முதல் மினிவேன் வெளிவந்த தொழிற்சாலையில், அதன் பேரப்பிள்ளையாகிய மினிவேனை இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அதற்கு இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கும் கதவு.